மலிவு விலை சிறு மென்பொருளைக் காப்பாற்றாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியாளாக ஒரு மென்பொருளை உருவாக்கி மாதச் சந்தாவுக்கு விற்பவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்களுடைய யோசனையையும் உழைப்பையும் பாராட்டுகிறோம். விலைக் கணக்கை விட்டுவிடுகிறோம். நல்ல மென்பொருள்கூடப் படுத்துவிடுவது அந்தக் கணக்கில்தான்.

விலை குறைவாக இருந்தால் கூட்டம் சேரும் என்று நம்பிப் பலர் மாதம் 5 டாலரில் தொடங்குகிறார்கள். கார்டு வழியாகப் பணம் வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் அமெரிக்காவில் ஒரு கார்டு வசூலுக்கு 2.9 சதவீதமும் கூடவே 30 சென்ட்டும் பிடிக்கிறது. 5 டாலரில் இது ஏறக்குறைய 45 சென்ட், அதாவது 9 சதவீதம். 29 டாலர் சந்தாவில் அதே பிடித்தம் 4 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். பல நாட்டு விற்பனை வரியையும் தானே வசூலித்துக் கட்டிவிடும் பேடில் போன்ற நிறுவனத்துக்கு 5 சதவீதமும் 50 சென்ட்டும் தர வேண்டும். வரி வேலை மிச்சமாவதால் அது நியாயமான கட்டணம்தான். ஆனால் 5 டாலரில் 15 சதவீதம் அங்கேயே போய்விடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை, சந்தாவை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள். மாதம் 20 பேர் புதிதாகச் சேர்ந்து, இருப்பவர்களில் 5 சதவீதம் பேர் விலகினால், எண்ணிக்கை 400-ஐத் தாண்டவே தாண்டாது. 400 பேரில் 5 சதவீதம் அதே 20 பேர். 5 டாலரில் அது மாதம் 2,000 டாலர். 29 டாலர் விலையில் 10 பேர்தான் சேருகிறார்கள், அதே வேகத்தில் விலகுகிறார்கள் என்றாலும், 200 பேரிடமிருந்து 5,800 டாலர் வரும். பதில் சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் பாதியாகும். தனியாளுக்கு இது சின்ன விஷயமல்ல.

விலகுபவர்கள் எல்லோரும் மனமறிந்து விலகுவதில்லை. கார்டு காலாவதியாகியிருக்கும், கணக்கில் பணம் இருந்திருக்காது. முதல் முறை வசூல் தவறியதும் கணக்கை மூடிவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் மூன்று நான்கு முறை மறுபடி முயல வேண்டும். கடவுச்சொல் கேட்காமல் நேராகக் கார்டு மாற்றும் பக்கத்துக்குப் போகும் இணைப்பை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அப்படியும் பணம் வராவிட்டால், தரவை அழிக்காமல் பார்க்க மட்டும் அனுமதிக்கலாம்.

நிரலில் அடிக்கடி காணும் பிழை ஒன்று: பணம் வந்ததாக பேமெண்ட் கேட்வே (ஸ்ட்ரைப் போன்ற வசூல் சேவை) நம் சர்வருக்குத் தானாக அனுப்பும் ‘வெப்ஹூக்’ என்ற செய்தி வந்ததும், சந்தா முடியும் தேதியோடு 30 நாளைக் கூட்டிவிடுகிறார்கள். ஒரே செய்தி இரண்டு முறை வரலாம், வரிசை மாறியும் வரலாம். அப்போது ஒரு மாதப் பணத்துக்கு இரண்டு மாதம் ஓடும். ஒவ்வொரு செய்தியின் அடையாள எண்ணையும் டேட்டாபேஸில் பதிந்து, அதே எண் மறுபடி வந்தால் ஒதுக்கிவிட வேண்டும். முடியும் தேதியை நாமாகக் கூட்டாமல், ரசீதில் உள்ள காலக்கெடுவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஜனவரி 31-இல் சேர்ந்தவருக்குப் பிப்ரவரியில் வரும் குழப்பமும் இதில் தீரும்.

ஆண்டுச் சந்தாவுக்குப் பத்து மாதப் பணம் வாங்குவது நல்ல வழக்கம். பிடித்தமும் ஒரே முறைதான். ஆனால் திருப்பிக் கேட்டால் கொடுப்பதற்கு அந்தப் பணம் கையில் இருக்க வேண்டும். ஸ்ட்ரைப் தான் எடுத்த கட்டணத்தைத் திருப்பித் தராது. ‘ஒருமுறை கட்டினால் ஆயுள் முழுக்க’ என்ற விற்பனையை அறவே தவிர்க்கலாம். சர்வர் வாடகை மாதாமாதம் வரும், அந்த வாடிக்கையாளரின் பணம் மறுபடி வராது.

ஏற்கெனவே 5 டாலரில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் வழி உண்டு. புதிய விலையை முதலில் புதியவர்களுக்கு மட்டும் வைத்து, சேருபவர்கள் எண்ணிக்கையை இரண்டு மூன்று மாதம் கவனிக்கலாம். பழையவர்களுக்கு உயர்த்துவதானால், முன்கூட்டியே தேதியையும் தொகையையும் தெளிவாக எழுதித் தெரிவித்து, பழைய விலையிலேயே ஓராண்டுச் சந்தா எடுத்துக்கொள்ள ஒரு வாய்ப்பும் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்