வேரை யார் பிடுங்குவது?

அன்புள்ள தோழிக்கு,

களைச்செடியில் துணியும் சாயமும் செய்யலாமா என்று கேட்ட உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. "நல்ல யோசனை, துணிந்து இறங்கு" என்று ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். உனக்கு அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. கல்லூரி நாளிலிருந்தே என்னிடம் யோசனை கேட்டுவிட்டு, நான் வேண்டாம் என்றதையெல்லாம் செய்தவள் நீ. இந்த முறையாவது பாதியைக் கேட்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. முன்பெல்லாம் நான் சாயம் போட்ட துணி எதைக் காட்டினாலும் அழகு என்பாள். இப்போது "இது பச்சையாடி? சேறு மாதிரி இருக்கு" என்கிறாள். சின்னவள் வேலையில் சேர்ந்துவிட்டாள், போனில் பிடிப்பதே அரிது. எனக்கு முழங்கால் படுத்துகிறது. மற்றபடி கொல்லையில் அடுப்பும் பானையும் புகையுமாகப் பொழுது போகிறது.

சரி, உன் திட்டம். ஆகாயத்தாமரைத் தண்டில் நார் எடுத்து நெய்வது. உண்ணிச்செடி இலையிலும் சீமைக்கருவேலம் பட்டையிலும் சாயம் காய்ச்சுவது. "இந்தத் துணியை வாங்கினால் ஒரு ஏரி பிழைக்கும்" என்று சீட்டு தைத்து விற்பது. முதல் இரண்டையும் தாராளமாகச் செய். அந்தச் சீட்டை மட்டும் இப்போதைக்குத் தைக்காதே.

நாரிலிருந்து தொடங்குகிறேன். பச்சை ஆகாயத்தாமரையில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். 100 கிலோ அள்ளிக் கரையில் போட்டால், காய்ந்த பிறகு 5 கிலோ தேறும். அதிலும் இலை, வேர் எல்லாம் கழிய வேண்டும். ஒரு தண்டை நீளவாக்கில் பிளந்து பார். உள்ளே முழுக்கக் காற்றறை, விரலால் அழுத்தினால் அமுங்கும் பஞ்சு. செடி மிதப்பதே அதனால்தான். அந்தப் பஞ்சை வழித்து எடுத்த பின் மிஞ்சும் இழைதான் உனக்கு. அதுவும் குட்டை இழை, தனியாக முறுக்கினால் அறுந்துபோகும். பருத்தியோடு கலந்து நூற்றால்தான் தறியில் நிற்கும், அதையும் ஊடாக, அதாவது குறுக்கு நூலாகப் போடுவதுதான் பாதுகாப்பு. ஆக, நீ விற்கப்போவது பெரும்பகுதி பருத்தித் துணி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஆனால் சீட்டில் எவ்வளவு பருத்தி என்று எழுதிவிடு. செடி நிறையச் செலவாக வேண்டும் என்றால், முழுத் தண்டைக் காயவைத்துப் பின்னும் பாயும் பையும்தான் நல்ல வழி. பிரிக்கிற வேலையும் கிடையாது.

இன்னொன்று. இந்தச் செடி தண்ணீரில் இருக்கும் காட்மியம், ஈயம் போன்றவற்றை இழுத்துத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். கழிவுநீரைச் சுத்தம் செய்ய இதைப் பயன்படுத்துவதே அந்தக் குணத்தால்தான். ஆலைக்கழிவு கலக்கும் ஏரியில் அள்ளிய தண்டை வெறுங்கையால் உரிக்கும் பெண்களை நினைத்துப் பார். தண்ணீரைப் பரிசோதிக்காமல் அறுவடையைத் தொடங்காதே. நாரைப் பிரிக்கக் காஸ்டிக் சோடா போட்டு, அந்தத் தண்ணீரை அதே ஏரியில் கொட்டுகிறவர்களும் உண்டு. அப்புறம் எந்த வாயால் இயற்கைத் துணி என்பது?

நார் என்றால் குட்ஸு கொடியிடம்தான் நான் மயங்கிப்போகிறேன். 1876இல் பிலடெல்பியா கண்காட்சிக்கு ஜப்பானிலிருந்து அலங்காரச் செடியாகப் போனது. 1930களில் மண்ணரிப்பைத் தடுக்க அமெரிக்க அரசே நடச் சொன்னது. பின்னர் மரம், வீடு, மின்கம்பம் என்று கண்டதையெல்லாம் மூடிக்கொண்டது. ஜப்பானில் அதே கொடியில் துணி நெய்கிறார்கள், ககேகவா அதற்குப் பேர்போன ஊர். தரையோடு படர்ந்து ஓடும் இளங்கொடியாகப் பார்த்து வெட்டி, வேகவைத்து, புல்லுக்குள் புதைத்துப் புளிக்க விடுவார்கள். மேல்தோல் அழுகியதும் ஓடும் தண்ணீரில் அலசினால் வெளிர் பொன்னிறத்தில் பளபளவென்று நார் வரும். அதை முறுக்குவதே இல்லை. மெல்லியதாகக் கிழித்து, முனைக்கு முனை முடிச்சுப் போட்டு நீட்டிக்கொண்டே போவார்கள். முறுக்காத நார் தட்டையாகவே இருப்பதால் வெளிச்சம் பட்டால் துணி மினுங்கும். ஒரு முழத்துக்கு எத்தனை முடிச்சு என்று யோசித்தால் எனக்கு முழங்காலோடு விரலும் வலிக்கிறது.

இதில் ஒன்றைக் கவனி. நெசவாளிக்கு வேண்டியது இளங்கொடி. அடிக்கிழங்கை அவர் தோண்டுவதில்லை. தோண்டினால் அடுத்த வருஷம் கொடி கிடையாது. உன் திட்டத்திலும் இதே சிக்கல்தான். உண்ணிச்செடியில் சாயக்காரிக்குத் தேவை இலை. இலைக்காகக் கிளையைக் கழித்தால் அது கவாத்து செய்த மாதிரிதான், அடியிலிருந்து இரண்டு மடங்காகத் துளிர்க்கும். சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினாலும் ஒரு தண்டுக்குப் பதில் பல தண்டு வரும். செடியை ஒழிக்க நினைப்பவருக்கு வேர் வேண்டும், நமக்கோ வேர் இருந்தால்தான் பிழைப்பு. வியாபாரம் நன்றாக நடந்தால், களை தீர்ந்துவிடக் கூடாது என்று உன் குழுவே மனசுக்குள் வேண்டிக்கொள்ளும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆகாயத்தாமரை மிதக்கிற செடி, வேரோடு வந்துவிடும், அதில் இந்தச் சிக்கல் இல்லை என்று நீ சொல்வாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நாருக்கும் பின்னலுக்கும் நீளத் தண்டுதான் வேண்டும். அது கிடைப்பது செடி நெருக்கியடித்து நிற்கும் நடுப்பகுதியில். திறந்த தண்ணீரைப் பார்த்து முன்னேறிக்கொண்டிருக்கும் ஓரத்துச் செடிக்குத் தண்டு குட்டை, பலூனாக ஊதியிருக்கும், நமக்கு உதவாது. அதை விட்டுவிட்டு வருவோம். நல்ல சூழல் கிடைத்தால் அது இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். விதையோ சேற்றில் 20 வருஷம்கூட உயிரோடு கிடக்கும். அதனால் கூலியைத் தண்டு எடைக்குத் தராதே. இவ்வளவு பரப்பைச் சுத்தமாக அள்ளினால் இவ்வளவு என்று பேசு. குட்டைச் செடியும் கரையேறும்.

சாயத்தை முன்னிட்டே களை பரவிய கதையும் உண்டு, உனக்குப் பிடிக்கும். அந்தக் காலத்தில் உயர்ந்த சிவப்பு என்றால் கொச்சினீல். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் ஒரு பூச்சியைக் காயவைத்து எடுப்பது, ஒரு பவுண்டுக்கு சுமார் 70,000 பூச்சி. மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின்காரர்கள் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். ஆங்கிலேயருக்குப் பொறுக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் இதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்கு ஒரு பூச்சி வந்து சேர்ந்தது. உண்மையான கொச்சினீல் என்று நம்பித்தான் கொண்டுவந்தார்கள், ஆனால் அது வேறு இனம். சாயம் சுமார்தான், கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. அப்புறம் கள்ளியை அழிப்பதற்காகவே அதைத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். களையை ஒழிக்கப் பூச்சியை ஏவும் முறைக்கு இதைத்தான் முதல் உதாரணமாகச் சொல்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் இன்னும் மோசம். 1788இல் முதல் குடியேற்றக் கப்பல்களோடு அதே சிவப்பு ஆசையில் கள்ளி போய் இறங்கியது. சாயத்தொழில் எழவே இல்லை. பின்னால் வேலிக்கும் அழகுக்கும் என்று வேறு வகைக் கள்ளிகளும் சேர்ந்துகொள்ள, 1920களில் சுமார் 2.4 கோடி ஹெக்டேர் கள்ளிக்காடு. அர்ஜென்டினாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து 1926இல் பரவலாக விட்ட பிறகுதான் நிலம் மீண்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் நடவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. நம் துணிக்கு நாளை நல்ல விலை கிடைத்தால், செடி இல்லாத இடத்தில் யாரோ ஒருவர் அதை நட மாட்டார் என்று உன்னால் சொல்ல முடியுமா?

இனி சாயம். சீமைக்கருவேலம் பட்டை உனக்குக் கைகொடுக்கும், அதில் துவர்ப்புச் சத்து (டானின்) உண்டு. பட்டையை நறுக்கி ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய சூட்டில் காய்ச்சி வடிகட்டு. நன்றாகக் கழுவிய பருத்தி நூல் சிட்டத்தை அதில் சில மணி நேரம் போட்டு எடுத்தால் மங்கலான பழுப்பு, இவ்வளவுதானா என்று இருக்கும். பிழிந்துவிட்டு அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்த தண்ணீரில் முக்கு. கண் முன்னாலேயே இழை இழையாகக் கறுத்து, சாம்பலாகி, ஸ்லேட் நிறத்துக்கு வரும். காற்றில் விரித்துப் பிடித்தால் இன்னும் ஒரு படி ஆழமாகும். அன்னபேதியில் மட்டும் கை தாராளம் கூடாது. துணி எடையில் 2 சதவீதம் போதும். கூடினால் இரும்பு பருத்தியை மெல்ல மெல்ல இற்றுப்போகச் செய்யும். வாங்கியவள் இரண்டு வருஷம் கழித்துத் துணி கிழிந்தது என்று வருவாள்.

உண்ணிச்செடி இலை படிகாரத்தோடு மஞ்சளும், இரும்போடு பாசிப்பச்சையும் தரும். அம்மா சேறு என்றது இந்தப் பச்சையைத்தான், எனக்கு அது பிடித்திருக்கிறது. பருத்திக்கு வெறும் படிகாரம் சரியாகப் பிடிக்காது, முதலில் கடுக்காய் போன்ற துவர்ப்பில் ஊறிய பிறகுதான் படிகாரம். அந்த இலை ஆடு மாடுகளுக்கு நஞ்சு. காய்ச்சிய சக்கையைக் கண்ட இடத்தில் கொட்டாதே, சாயப் பானை சமையலறைப் பக்கமே போக வேண்டாம். ஆகாயத்தாமரைப் பூவின் ஊதாவில் ஆசை வைக்காதே. பூச்சாற்று ஊதா வெயிலுக்கு நிற்காது. எந்தச் சாயமானாலும் ஒரு துண்டில் பாதியை அட்டையால் மூடி, சில வாரம் ஜன்னலில் வெயில் படத் தொங்கவிட்டுப் பார், அப்புறம் விலை போடு.

வேரிலேயே சாயம் இருந்தால் எவ்வளவு வசதி என்று தோன்றும். ஜப்பானிய நாட்வீட் என்ற செடியில் அப்படித்தான், வேர்த்தண்டிலிருந்து மஞ்சளும் ஆரஞ்சும் கிடைக்கும். பிரிட்டனில் அது பெரிய தலைவலி, திறந்தவெளியில் அதை நடுவதும் வளரச் செய்வதும் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் தோண்டும்போது 1 கிராம்கூட இல்லாத துணுக்கு சிதறினாலும் அது புதுச் செடியாகிவிடும். எனவே பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வருகிற வேலையே கூடாது. எந்தக் களையானாலும் வெட்டிய இடத்திலேயே கொதிக்கவை, அல்லது நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோ. பூப்பதற்கு முன் வெட்டு.

ஆக, நான் சொல்வது இதுதான். நீ தனியாக அறுவடைக்கு ஆள் வைக்காதே. வேரோடு களை எடுக்கும் வேலையை யார் செய்கிறார்களோ அவர்களோடு பேசு. அவர்கள் குவித்துப்போடும் பட்டையையும் இலையையும் தண்டையும் வாங்கிக்கொள். அந்தப் பணம் அவர்களுக்கு அடுத்த ஏக்கருக்கு உதவும். ஒரே செடியை நம்பிப் பெயர் வைக்காதே. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் சாம்பல், இலையும் படிகாரமும் சேர்ந்தால் மஞ்சள் என்று பெண்களுக்குக் கற்றுக்கொடு. உண்ணிச்செடி தீர்ந்தால் வேறு இலைக்கு மாறிக்கொள்வார்கள். ஏரி உண்மையிலேயே திறந்து கிடக்கும் நாள் வந்தால் பிறகு சீட்டு தை, நானே ஊசி கோத்துத் தருகிறேன்.

எவ்வளவு பணம் போடுகிறாய் என்று நீ எழுதவே இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறாய் என்று தெரியும். அதையும், ஏரியில் இப்போது யார் களை எடுக்கிறார்கள் என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது. நார் மாதிரி இருந்தால் ஒரு பிடி அனுப்பு, நூற்றுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி

பி.கு.: பார்த்தீனியத்திலும் சாயம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். எடுக்கலாம்தான், ஆனால் அதைத் தொட்டுப் பழகப் பழகச் சிலருக்குத் தோல் வெடித்து அரிப்பு நிற்கவே நிற்காது. உன் குழுவில் ஒருத்தரையும் அதில் கைவைக்க விடாதே.