அண்ணனுக்கு: வண்டியைத் திருப்பி அனுப்புகிறேன்

அன்புள்ள அண்ணே,

நீ வாங்கிக் கொடுத்த கார்பன் சைக்கிள் திங்கட்கிழமை பார்சல் லாரியில் கோயம்புத்தூருக்குக் கிளம்புகிறது. முன் சக்கரத்தைக் கழற்றித் தனியாகக் கட்டியிருக்கிறேன். கீறல் விழாமலிருக்க அப்பாவின் பழைய வேட்டியைச் சுற்றியிருக்கிறேன். அதைத் தூக்கிப் போட்டுவிடாதே.

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். இங்கே எழுதினால் அண்ணி உனக்குப் படித்துக் காட்டுவார். ஊர்க்காரர்களும் படிப்பார்கள், படிக்கட்டும். அதனால் வயல் விஷயத்தை இங்கே எடுக்க மாட்டேன். போன ஆவணியில் உனக்கு நடந்ததையும் எழுதக் கூடாது என்று அண்ணி உத்தரவு. எழுதவில்லை.

அறுபதாம் கல்யாணத்துக்குத் தம்பிக்கு இவ்வளவு பெரிய பரிசு கொடுத்த அண்ணனை நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. எட்டு மாதத்தில் பதினோரு தடவை ஓட்டினேன். குனிந்து ஓட்டினால் ரோடு தெரிகிறது, ஊர் தெரியவில்லை. கியர் மாற்றக்கூட பாட்டரி. ஒருநாள் அதில் சார்ஜ் தீர்ந்துபோய், வீடு வரைக்கும் ஒரே கியரில் மிதித்து வந்தேன். ஒரே கியரில்தான் வர வேண்டும் என்றால் கொல்லையில் கிடக்கிற அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிளே போதுமே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அப்பா திதிக்கு நீ வரவில்லை. (காரணம் தெரியும்.) அன்று சாயங்காலமே ஹெர்குலிஸை வெளியே எடுத்தேன். வெள்ளையடித்தபோது 'பழைய இரும்புக்குப் போட்டுடு' என்றாயே, அந்த வண்டிதான். கீழவாசல் பக்கம் ஒரு பாய் கடையில் முழுசாக ஓவராயில் பண்ணினேன். பால்ரஸ் மாற்றி, கோட்டம் எடுத்து, பெடல் தண்டை இறுக்கிப் பிடிக்கிற, தேய்ந்திருந்த காட்டர் பின் இரண்டையும் புதிதாக அடித்தார். அப்பா வருவதை நமக்கு முன்கூட்டியே சொல்லுமே, அந்த டக் டக், அது நின்றுவிட்டது. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம். 28 இன்ச் டயர் இன்னும் கடையில் கிடைக்கிறது. மொத்தம் 2,850 ரூபாய். உன் வண்டிக்கு ஒரு டயர் வருமா இந்த விலைக்கு?

கனம்தான். இருபது கிலோவுக்குக் குறையாது. இரும்பு ரிம்மில் கம்பி பிரேக் மழை பெய்தால் பிடிக்காது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். முன்னால் 44 பல், பின்னால் 18. பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகிறது. நம் பக்கத்தில் மேடு என்றால் பாலம்தானே, வேறென்ன கியர் வேண்டும்? நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரில் வருகிறவரிடம் ரெண்டு வார்த்தை பேசிக்கொண்டே போகலாம். காலையில் ஐந்து பாலத்தையும் தாண்டி தஞ்சாவூர் போய்த் திரும்புகிறேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

உனக்கு எப்போதும் வெளிநாட்டு சாட்சி வேண்டும். 2018ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் வெளியிட்ட ஆய்வை நீதான் அனுப்பினாய். 55 முதல் 79 வயது வரை, நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிற 125 பேர். தசை கரையவில்லை, நோயை எதிர்க்கும் டி செல்கள் இளைஞர்களுக்கு நிகராக உற்பத்தியாகின்றன என்று. சரி. எந்த சைக்கிள் என்று நீ அனுப்பியதில் இல்லையே? இத்தாலியில் காயோலே என்ற ஊரில் 1997லிருந்து 'லெரோய்க்கா' என்று ஓட்டுகிறார்கள். 1987க்கு முந்தின பந்தய சைக்கிளாக இருக்க வேண்டும், கியர் நெம்புகோல் ஹேண்டில்பாரில் இல்லாமல் பிரேமின் கீழ்க் குழாயில் இருக்க வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். கிழவன் பழைய இரும்பை உருட்டுகிறான் என்று உன் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தாயாமே. காதுக்கு வந்தது. அவர்களிடம் இதையும் சொல்.

டைனமோ மட்டும் பாயால் முடியவில்லை. நானே மூன்று நாள் உட்கார்ந்து சரி பண்ணினேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

1976. ரெண்டாவது ஆட்டம் விட்டு வருகிறோம். இதே ஹெர்குலிஸின் முன் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்திருந்தாய். பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாற்றுப் பாலம் ஏறும்போது மூச்சு வாங்கி, 'கனமா இருக்குடா' என்று குதிகாலால் டைனமோவைத் தட்டிவிட்டாய். அது சக்கரத்தில் உரசி ஓடுகிற வரைக்கும்தானே வெளிச்சம். உரசினால் கனம். விளக்கு அணைந்தது, வண்டி லேசானது, நீ பாட்டு பாடினாய். இறக்கத்தில் போலீஸ்காரரின் டார்ச் லைட். விளக்கில்லாத சைக்கிளைப் பிடிக்கிற காலம் அது.

நீ குதித்து ஓடினாய். வாழைக்கொல்லைக்குள் இலைகள் கிழிகிற சத்தம் கேட்டது. வண்டியோடு நான் விழுந்தேன். போலீஸ்காரர் என்னைத் தூக்கி நிறுத்தினார், மண்ணைத் தட்டிவிட்டார், ஓடியது யார் என்று கேட்டார். தெரியாது என்றேன். சிரித்தார். அப்புறம் ரெண்டு டயரிலும் காற்றடிக்கிற மவுத்தைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு வயது எனக்கு. ஹேண்டில்பார் என் தோள் உயரம். காற்றில்லாத வண்டியை அடுத்த பாலம் வரைக்கும் தள்ளினேன், பெடல் கணுக்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. பாலத்துக் கட்டையில் நீ உட்கார்ந்திருந்தாய். ஒன்றுமே பேசாமல் வண்டியை வாங்கிக்கொண்டாய். கொஞ்ச தூரம் போனதும் என்னைக் கேரியரில் தூக்கி உட்கார வைத்துத் தள்ளினாய். வீடு வரைக்கும். டயர் ரிம்மிலிருந்து கழன்று கழன்று வந்தது, நீ நிறுத்தி நிறுத்தி மாட்டினாய்.

'பஞ்சர்' என்று அப்பாவிடம் சொன்னாய். அவரும் நம்பினார். காலையில் நான் சொல்லிவிட்டேன்.

ஆமாம், நான்தான். அம்மா இல்லை.

பஞ்சருக்கு ரெண்டு டயரிலும் எப்படி மவுத்து காணாமல் போகும் என்று அப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். முழங்கால் எரிந்துகொண்டிருந்தது. நீ ஓடினாய் என்று சொன்னேன். பொய் சொல்லவில்லையே? அதற்காக அவர் ஒரு வருஷம் உனக்குச் சைக்கிள் கிடையாது என்று பூட்டுவார், பஸ் காசுக்காக நீ விடிகாலையில் வாழையிலைக் கட்டு தூக்கிவிட்டுக் காலேஜ் போவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மா காட்டிக்கொடுத்ததாக நீ முடிவு பண்ணினாய். அம்மா மறுக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். எத்தனை நாள் நீ அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத மாட்டேன்.

49 வருஷம். மன்னித்துக்கொள் அண்ணே. ஆனால் நீ ஓடினாய். இருட்டில் என்னை விட்டுவிட்டு. இன்றைக்கும் உன் சைக்கிள் பின்னால் வந்தால் உன் முதுகுதான் எனக்குத் தெரிகிறது, திரும்பிப் பார்க்கவே மாட்டாய்.

டாக்டர் உன்னை சமதரையில் மெதுவாக ஓட்டலாம் என்றாராம். அண்ணி இதை மட்டும் எழுத அனுமதித்தார். நம் ஊரைவிடச் சமதரை எங்கே இருக்கிறது? பாயிடம் இன்னொரு பழைய வண்டி பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஹெர்குலிஸ் உனக்கு. பாலம் வந்தால் இறங்கித் தள்ளுவோம், அதில் என்ன.

நேற்று இருட்டினதும் வெண்ணாறு வரைக்கும் போய்ப் பார்த்தேன். டைனமோவைப் போட்டுக்கொண்டே பாலம் ஏறினேன். கனமாகத்தான் இருக்கிறது.

உன் தம்பி