வெடிப்பும் எக்ஸ்ப்ளோஷனும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சொல்லாராய்ச்சிப் பகுதியில், 'எக்ஸ்ப்ளோஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'வெடிப்பு' மிகச் சரியான இணை என்றும், இரண்டுமே ஓசையை அடியாகக் கொண்டு பிறந்தவை என்றும் எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலச் சொல்லைப் பொறுத்தவரை அது சரி; தமிழ்ச் சொல்லுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன். 'எக்ஸ்' என்பது வெளியே. அடுத்த பகுதி கைதட்டுதலைக் குறிக்கும் வினை. நடிப்புப் பிடிக்காத ரோமானியக் கூட்டம் கைதட்டியும் கூச்சலிட்டும் நடிகரை மேடையிலிருந்து விரட்டியதே அதன் பழம்பொருள். 16ஆம் நூற்றாண்டில் 'எக்ஸ்ப்ளோட்' என்ற வினையாக ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியபோதும் 'இகழ்ந்து ஒதுக்குதல்' என்றே அதற்குப் பொருள். வெடிமருந்துக்கும் அதற்கும் அப்போது தொடர்பில்லை. பாராட்டைக் குறிக்கும் 'அப்ளாஸ்' அதே வேரில் கிளைத்த உடன்பிறப்பு. மில்டன் 1667இல் வெளியிட்ட 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில், நரகத்துக்குத் திரும்பித் தன் வெற்றியைச் சொல்லிவிட்டுக் கரவொலிக்காகக் காத்து நிற்கும் சாத்தானுக்குப் பாம்புகளின் சீறலே கிடைக்கிறது. அவ்விடத்தில் இவ்விரு சொற்களையும் ஒரே தொடரில் கவிஞர் கோத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது. ஓசையோடு வெளியே தள்ளுதல் என்ற பொருள் பிறகு காற்றுக்கும் தீக்கும் விரிந்து, இன்றைய பொருளில் வந்து நின்றது.

தமிழில் கதை வேறு. கரிசல் காட்டில் பிறந்த எனக்கு 'வெடிச்சிருச்சு' என்ற சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது பட்டாசு அன்று, பருத்தி. காய் வெடிப்பதில் ஓசை ஏது? கோடையில் கரிசல் மண் வெடிக்கிறது, வெள்ளரிப்பழம் வெடிக்கிறது, வெறுங்காலில் நடப்பவரின் குதிகால் வெடிக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது பிளவுதான். வெடிச்சிரிப்பு போல ஓசையைக் குறிக்கும் வழக்குகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. இலங்கைத் தமிழில் துப்பாக்கிச் சூடே 'வெடி' எனப்படுகிறது. ஆயினும், ஓசையில்லாத வெடிப்புக்கு நம் அன்றாடப் பேச்சில் இத்தனை இடம் இருக்கும்போது, சொல்லின் கருவை ஓசையில் தேடுவது பொருத்தமாகப் படவில்லை.

இதைச் சொற்களின் மீதுள்ள வீண் பிடிவாதம் என்று தள்ளிவிட வேண்டாம். டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காணச் சென்ற 'டைட்டன்' நீர்மூழ்கி 2023 ஜூன் 18 அன்று ஐந்து பேருடன் அழிந்தபோது, 'வெடித்துச் சிதறியது' என்றே பல தமிழ்ச் செய்திகளில் படித்தேன். நடந்ததோ நேர் எதிரானது: கடல்நீரின் அழுத்தம் தாங்காமல் கலம் உள்நோக்கி நசுங்கி நொறுங்கியது. ஆங்கிலம் 'எக்ஸ்' என்ற முன்னொட்டை எடுத்துவிட்டு 'இம்' என்பதைச் சேர்த்து 'இம்ப்ளோஷன்' என ஆக்கிக்கொண்டது. அதைப் பார்த்து நாமும் 'உள்வெடிப்பு' என்கிறோம். 'நசுங்கியது' என்ற சொல்லைச் சிறு பிள்ளையும் அறியும். உள்ளுக்குள் வெடித்த பருத்திக்காயை நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கோவில்பட்டி.