இருபது நிமிடக் கொத்துப் பரோட்டா: நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறைத் தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

மாலை ஏழு மணிக்குப் பிறகு பணியில் இருப்பவர்கள் வளாகத்தை விட்டு வெளியே சென்று சாலையோரக் கடைகளில் உண்பதைத் தவிர்க்க வேண்டும் என்றும், மீறிச் செல்வோரின் வெளியேறும் நேரமும் திரும்பும் நேரமும் அவரவர் மேலாளரின் பார்வைக்கு அனுப்பப்படும் என்றும் சென்ற வாரம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தோம். இதன் பின்னணியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் நீளும் திட்டப்பணியும், நள்ளிரவு வரை அணையாத நான்காவது தளத்து விளக்குகளும், எட்டு மணிக்கே மூடப்படும் உணவகமும் நீங்கள் அறிந்தவையே. ஆகவே நேராகக் கோரிக்கைக்கு வருகிறேன். நாங்கள் கூடுதலாக வேலை செய்யும் நேரத்தைக் கணக்கில் எழுதுங்கள். அதற்குரிய ஊதியத்தைக் கொடுங்கள். அந்த நேரத்தின் நடுவே சாப்பிடப் போகும் சிறிது நேரத்தை எங்களிடமே விட்டுவிடுங்கள்.

வெளியே போகக் கூடாது என்பதைவிட, போன நேரத்தைக் குறித்து வைப்போம் என்ற வரிதான் எங்களை அதிகம் சுட்டது. வாயிற்கதவில் அடையாள அட்டையைக் காட்டும் ஒவ்வொரு முறையும் நிமிடம் பிசகாமல் பதிவாகிறது. இரவு ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு வெளியே போனவர் ஒன்பதரைக்குத் திரும்பினால், அந்த இருபது நிமிடம் மறுநாள் காலையில் மேலாளரின் மின்னஞ்சலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதே ஊழியர் காலை பத்து மணி முதல் இரவு பதினொன்றரை வரை அலுவலகத்தில் இருந்ததை எழுத வேண்டிய டைம்ஷீட், ஒரு நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எந்த எண்ணையும் ஏற்பதில்லை. பன்னிரண்டு என்று எழுதினால் கட்டம் சிவப்பாகிறது; எட்டு என்று திருத்தினால்தான் அந்த வாரத்தைச் சமர்ப்பிக்க முடிகிறது; சமர்ப்பிக்காதவர்களின் சம்பளம் நிறுத்திவைக்கப்படும் என்ற நினைவூட்டலும் வெள்ளிக்கிழமைதோறும் தவறாமல் வந்துவிடுகிறது. உண்மையை எழுதினால் சம்பளம் நிற்கும், பொய்யை எழுதினால் சம்பளம் வரும் என்ற ஏற்பாட்டை, மென்பொருள் எழுதிப் பிழைக்கும் ஒரு நிறுவனம் தன் சொந்த ஊழியர்களுக்காக மெனக்கெட்டுச் செய்துவைத்திருக்கிறது. அந்தக் கட்டத்தின் உச்சவரம்பை மாற்ற எங்களில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு அரை நாள் போதும். அதையும் கூடுதல் நேரத்தில்தான் செய்யச் சொல்வீர்கள் என்பது வேறு விஷயம்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் குழுவில் உள்ள தோழி ஒருவர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்து ரிலீஸ், அதாவது மென்பொருள் வெளியீட்டு வேலையை முடித்துக் கொடுத்தார். அடுத்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது, அந்த இரண்டு நாளுக்கு ஈடாக மாற்று விடுப்புக் கேட்டார். டைம்ஷீட்டில் கூடுதல் நேரம் எதுவும் பதிவாகவில்லையே என்று உங்கள் துறையிலிருந்து பதில் வந்தது. பதிவாகாதபடி செய்துவைத்தவர்களே பதிவு எங்கே என்று கேட்டார்கள். அவர் சண்டை போடவில்லை; சம்பளப் பிடித்தத்தோடு விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். பக்கத்து இருக்கைகளில் இருந்த நாங்களும் வாய் திறக்கவில்லை. அவருடைய மௌனத்துக்கும் எங்களுடைய மௌனத்துக்கும் காரணம் ஒன்றுதான்: சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் பணி மதிப்பீடான அப்ரைசல்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை உங்கள் சட்டப் பிரிவு எங்களைவிட நன்றாக அறியும். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்து, கூடுதல் வேலையையும் சேர்த்து நாளுக்கு 10 மணி நேரத்தையும் வாரத்துக்கு 54 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்கிறது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு வழக்கமான ஊதியத்தைப் போல இரண்டு மடங்கு தர வேண்டும் என்கிறது அதன் 31ஆம் பிரிவு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்ற விதிவிலக்கும் அதில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, எங்கள் தளத்தில் பாதிப் பேர் ஏதோ ஒரு வகை மேனேஜராக இருக்கிறோம். யாரையும் நிர்வகிக்காத, எவருடைய விடுப்புக்கும் ஒப்புதல் தர அதிகாரமில்லாத மேனேஜர்கள்.

எட்டு மணி நேரக் கணக்கு சென்னைக்குப் புதிதும் அன்று. எட்டு மணி நேர வேலைக் கோரிக்கையில் பிறந்த மே தினத்தை, இந்தியாவில் முதன்முதலாகத் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் 1923இல் கொண்டாடியது இந்த நகரத்தின் கடற்கரையில்தான். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத்திருத்தம் நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்து நின்றதால், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அரசே பத்து நாளில் கைவிட்ட அந்தப் பன்னிரண்டு மணி நேரம், எங்கள் தளத்தில் ஒரு மின்னஞ்சல்கூட இல்லாமல் நடைமுறைக்கு வந்து நிலைத்துவிட்டது. அதற்கேற்ற மனநிலையும் கூடவே வந்துவிட்டது. ஆறரை மணிக்குப் பையைத் தோளில் மாட்டினால், “என்ன, இன்னைக்கு ஹாஃப் டேயா?” என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் ஒரு பெரிய மனிதர் சொன்னார். 2025 தொடக்கத்தில் இன்னொருவர் அதை 90 ஆக்கியதோடு, வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். இந்த ஏலம் எங்கே போய் நிற்குமோ தெரியவில்லை. வாரத்தில் இருப்பதே 168 மணி நேரம்தான்.

கூடுதல் நேரம் வேலை செய்யவே மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. ரிலீஸ் இரவில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு சிக்கலை அவிழ்ப்பதில் ஒரு நிறைவு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். அந்த இரவுகளைத் தாங்கக்கூடியதாக்குவது, நீங்கள் தடுக்க நினைக்கும் அந்தத் தள்ளுவண்டிகள்தான்.

மெட்ரோ பணிக்காக வைத்த தடுப்புகளை ஒட்டி, பழைய மாமல்லபுரம் சாலையின் ஓரத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் வரிசையாக விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. கொத்துப் பரோட்டாவின் ஓசை சாலையைக் கடக்கும் முன்பே காதில் விழுகிறது. பிய்த்துப் போட்ட பரோட்டாவின் மேல் முட்டையை உடைத்து ஊற்றி, வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் சேர்த்து, ஒரு கரண்டி சால்னாவைத் தெளித்து, இரண்டு கைகளாலும் அண்ணன் கொத்தும்போது எழும் அந்தத் தாளத்தைக் கேட்டபடி பசியோடு நிற்பதே பாதி இன்பம். பக்கத்து வண்டியில், முட்டையை முழுதும் வேகவிடாமல் சால்னாவும் மிளகும் சேர்த்துக் கல்லிலிருந்து குழைவாக வழித்து வைக்கும் கலக்கி. அதற்கு அடுத்து, நெய்யில் புரட்டிய பொடி இட்லி. எல்லாம் முடிந்து திரும்பும்போது சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு வருபவரிடம் தொண்டையில் காரம் இறங்கும் ஒரு சுக்குக் காபி. பாரிமுனையில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் உணவுகளான அத்தோவும் மொய்ங்காவும் இந்தப் பக்கம் கிடைப்பதில்லை என்ற ஒரு குறையைத் தவிர, எங்களுக்கு வேறு குறை இல்லை. மெட்ரோ பணியில் இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களும், ஆட்டோ ஓட்டுநர்களும், வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தன் பசிக்கு இங்கே வரும் டெலிவரி இளைஞர்களும், நம் வாயிற்காவலர்களும், கழுத்தில் அட்டை தொங்கும் நாங்களும் ஒரே கல்லைச் சுற்றி நின்று சாப்பிடுகிறோம். எங்களில் யாருக்குக் காரம் ஆகாது என்பது இட்லிக் கடை அக்காவுக்கு நினைவிருக்கிறது. “இந்த வாரம் பூரா ராத்திரிதான் வர்றியேப்பா, வீட்டுக்கே போகலையா?” என்று அவர் ஒரு நாள் கேட்டார். எங்கள் கூடுதல் நேரத்தைக் கணக்கு வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

சுகாதாரம் கருதியே இந்த ஏற்பாடு என்று சுற்றறிக்கை சொல்கிறது. உங்கள் அக்கறைக்கு நன்றி. கண்ணெதிரே கல்லில் வெந்து, தட்டுக்கு வரும்போது ஆவி பறக்கும் உணவைப் பற்றிக் கவலைப்படும் நிர்வாகம், மதியம் சமைத்து மாலையில் மீண்டும் சூடாக்கப்படும் நம் உணவகத்துச் சாம்பாரைப் பற்றியும் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தால் நம்பியிருப்போம். வெளியே போகாமல் இருப்பதற்கு மாற்றாக, ஒன்பது மணிக்கு மேல் இருப்பவர்களுக்கு நிறுவனச் செலவில் பீட்சா வழங்கப்படும் என்கிறீர்கள். சட்டம் இரண்டு மடங்கு ஊதியம் என்று சொன்னதை, நீங்கள் இரண்டு துண்டு பீட்சா என்று புரிந்துகொண்டீர்கள் போலும்.

வாசலுக்கு எதிரே உள்ள வண்டிகளை அகற்றக் கோரி நிறுவனத்தின் பெயரில் மனு கொடுக்கப்படவிருப்பதாகவும் கேள்விப்படுகிறோம். உண்மையானால், 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கும் வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும், இடம் மாற்றுவதென்றால் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. இந்த நகரத்தின் நியாயம் எங்களுக்குப் புரிவதே இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் அரசாணை வந்தது. கணவனும் மனைவியுமாக நடத்தும் வண்டி மட்டும் ரோந்து வாகனத்தின் விளக்கைக் கண்டதும் அடுப்பை அணைக்க வேண்டியிருக்கிறது. இரவு முழுவதும் வேலை நடக்கும் ஒரு சாலையில், அந்த வேலைக்குச் சோறு போடுபவர்தான் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஆகிறார். இதை உங்களிடம் சொல்லிப் பயனில்லை, மாநகராட்சியிடமும் காவல் துறையிடமும் சொல்ல வேண்டியது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மனுவைக் கொடுக்காமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறோம். டைம்ஷீட்டில் உள்ள எட்டு மணி நேர உச்சவரம்பை நீக்கி, வேலை செய்த நேரத்தை வேலை செய்த நேரமாகவே எழுத விடுங்கள். அப்படி எழுதப்படும் கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படியான ஊதியத்தை வழங்குங்கள். வார இறுதியில் வந்து உழைத்தவரின் சம்பளத்தில் பிடித்த தொகையைத் திருப்பிக் கொடுங்கள். சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். இவற்றில் எதையும் உடனே செய்ய இயலாது என்றால், எதை எப்போது செய்வீர்கள் என்பதை அடுத்த ரிலீஸுக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம். இம்மாதத் தொடக்கத்திலிருந்து எங்கள் தளத்தில் உள்ளோரின் உண்மையான வேலை நேரத்தை நாங்களே ஒரு பொது ஏட்டில் எழுதி, ஒவ்வொரு நாளும் இருவர் கையெழுத்திட்டு வருகிறோம். சாப்பிடப் போன நிமிடங்களையும் அதில் கழித்தே எழுதியிருக்கிறோம். நிர்வாகம் கேட்டால் அதன் நகலைத் தருகிறோம். தொழிலாளர் துறை கேட்டாலும் தருவோம்.

இப்படிக்கு,
நான்காவது தளத்து ஊழியர்கள் சார்பாக,
அவர்களில் ஒருவர்