அந்த மண்ணெண்ணெய் விளக்கு என்னுடையது

நினைவு மலர்க் குழுவினருக்கு,

வணக்கம். மலரின் மெய்ப்புப் படி சென்ற வாரம் கைக்கு வந்தது. "பிழை இருந்தால் மூன்று நாளில் தெரிவிக்கவும்" என்று மேலே குறித்திருந்தீர்கள். ஒற்றுப்பிழைகளைப் பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன். மற்ற பிழைகளுக்குப் பென்சில் போதாது. தலைவருக்குத் தனியாகச் சொன்னால் "பார்க்கலாம் ஐயா" என்ற பதிலோடு முடிந்துவிடும், அனுபவம் உண்டு. அதனால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மலர் முழுக்க, மறைந்த வானொலிச் செய்தி வாசிப்பாளனான என் நண்பனை 'அன்னார்' என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகள் மலேசியத் தமிழர் வீடுகளில் காலைக் காப்பியோடு கேட்ட குரல். அந்த மரியாதை தகும். நான் மூன்று ஆண்டுகள் அடுத்த கட்டிலில் படுத்து அவன் குறட்டையைக் கேட்டவன். எனக்கு அவன் 'அவன்'தான்.

முதலில் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். "தோட்டத்து லயத்தில், மண்ணெண்ணெய் விளக்கொளியில், பசியோடு படித்து முன்னேறியவர்" என்று இருக்கிறது. ஐயா, அந்த விளக்கு என்னுடையது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன் நான். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) ஓடி, ரப்பர் பால்மரம் வெட்டி, ஒட்டுப்பால் நாற்றம் சேலையிலிருந்து போகாமல் வீடு திரும்பியவர் என் அம்மா. அவனுடைய அப்பா தோட்டத்துக் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர். அலுவலகத்தை ஒட்டித் தனி வீடு, மின்சாரம், கூடத்தில் துணி போட்டு மூடி வைத்த வானொலிப் பெட்டி. பள்ளி விடுமுறையில் அவன் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா எனக்கு மூன்றாவது முட்டையையும் பொரித்து வைத்தார். பசியாம்! பெரிய மனிதன் என்றால் ஏழையாகத்தான் பிறந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கிராணி மகன் என்று எழுதினால் மலர் விற்காதா? தயவுசெய்து விளக்கை எனக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் அம்மா வாங்கியது அது.

பதினான்காம் பக்கத்துப் படமும் தவறு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆங்கிலேயர் காலத்தில் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய 'நூறு குவார்ட்டர்ஸ்' வரிசை வீடுகளைப் போட்டு, "மாணவப் பருவத்தில் தங்கிய இல்லம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பணியில் இருந்த ஊழியர்களுக்கு விட்ட வீடுகள் அவை. எங்கள் வீட்டுக்காரரோ ஓய்வு பெற்றவர். அடுத்த சந்தில் சொந்தமாக ஒரு பலகை வீடு வைத்திருந்தார். அதே பக்கத்தில் "லிட்டில் இந்தியா வீதிகளில் கனவுகளோடு நடந்தார்" என்றும் வருகிறது. நாங்கள் நடந்தது 1978இல். லிட்டில் இந்தியா திறப்பு விழாக் கண்டது 2010 அக்டோபரில். அங்குள்ள முக்கியச் சாலைக்கு இன்று பெயராக இருக்கும் முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் மறைந்ததே 1979இல்தான். அந்தச் சாலைக்கு அவர் பெயர் வந்தது அதற்கும் பிறகு. எங்களுக்கு அது வெறும் பிரிக்பீல்ட்ஸ் ரோடு. கனவும் ஒன்றுமில்லை, மினி பஸ்ஸில் தொங்க இடம் கிடைக்குமா என்ற கவலைதான்.

இனி, நான் எழுத உட்கார்ந்த விஷயம். முதலாண்டுக்குப் பிறகு பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே அறை தேடினோம். அப்போது அகப்பட்டவர்தான் ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். மலாயா ரயில்வேயில் வேலை பார்க்க அந்த நாளில் கப்பலேறி வந்த சிலோன் தமிழர்களில் ஒருவர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். கண்ணில் புரை விழுந்திருந்தது. அறை வாடகை 60 வெள்ளி (ரிங்கிட்), ஆளுக்கு முப்பது. முன்பணம் வாங்கும்போதே சொன்னார்: "இரவில் எனக்குப் பேப்பர் வாசிக்கிறவருக்கு மாதம் ஐந்து வெள்ளி கழிவு."

நான் வேண்டாம் என்றேன். மூன்று நாள் பார்த்துவிட்டு அவன் ஒப்புக்கொண்டான். மலரில் எட்டு இடங்களில் 'தமிழ்த்தாகம்' என்ற சொல் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். அந்த ஐந்து வெள்ளி ஒரே ஒரு இடத்தில் வந்தால் போதும்.

வாசிப்பு எட்டரை மணிக்குத் தொடங்கும். ஐயா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருப்பார், கைத்தடி மடிமேல் கிடக்கும். இவன் அவர் எதிரே பிரம்பு ஸ்டூலில். முதலில் மரண அறிவித்தல்கள், பிறகு உள்நாட்டுச் செய்தி, தலையங்கம், கடைசியில் நகைக்கடை விளம்பரம் வரைக்கும். தோட்டத்துப் பள்ளியில் எங்கள் இருவருக்குமே ழகரம் கிடையாது. பழம் 'பளம்', மழை 'மளை'. ழகரம் தவறினால் தடி தரையில் ஒரு தட்டுத் தட்டும். நிறுத்தி, சொல்லைத் திரும்பச் சொல்ல வேண்டும். சரியாக வரும் வரை அடுத்த சொல்லுக்குப் போகக்கூடாது. "தம்பி, நாக்கை மடி. இன்னும் மடி. ஆனால் அண்ணத்தில் முட்டாதே. முட்டினால் அது ளகரம்." ஒரு முழு வாரம் 'வாழைப்பழம்' மட்டும் நடந்தது. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு பொருளாதாரப் புத்தகத்தால் காதை மூடிக்கொள்வேன். வேடிக்கை என்னவென்றால், பேச்சில் ஐயாவும் 'வாளைப்பளம்'தான். "அது வாய்த் தமிழ், இது வாசிப்புத் தமிழ்" என்பார்.

இன்னொன்று. வீட்டுக்குப் பின்னால் ரயில்வே யார்டு, இன்று கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் நிற்கிற அதே நிலம். கூட்ஸ் பெட்டிகளைக் கோக்கும்போது ஒன்றோடொன்று இடித்து ஒரு நீண்ட சத்தம் வரும், ஜன்னல் கண்ணாடி அதிரும். அது அடங்கும் வரை இவன் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினாலும் ஐயா விடமாட்டார். "கண்ட இடத்தில் நிற்காதே, வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே நில்" என்பார். சத்தம் வரப்போகிறது என்பது எஞ்சின் ஊதுகிற விதத்திலேயே அவருக்குத் தெரியும், விரலைத் தூக்குவார். விரலைப் பார்த்து இவன் வாக்கியத்தை ஓர் இடத்தில் இறக்கி வைப்பான். பின்னாளில் அவன் செய்தி வாசிப்பில் வரும் அந்த நிறுத்தத்தை எல்லாரும் பாராட்டினார்கள். உங்கள் மலரும் "இயற்கை அருளிய கொடை" என்கிறது. இயற்கை இல்லை, அது சரக்கு ரயில் கொடுத்தது.

இப்போது இருபத்து மூன்றாம் பக்கம். என் படம் போட்டு, "இக்குரலை முதன்முதலில் கண்டறிந்து ஊக்குவித்த உற்ற தோழர்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அவனை ஊக்குவித்த சொற்களை அப்படியே தருகிறேன்: "கொஞ்சம் வாயை மூடுகிறாயா?" தேர்வு நெருங்கிய ஒரு மாலை, பத்திரிகையை எடுத்து என் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். ஐயா இருட்டில் கதிரையில் காத்துக்கொண்டே இருந்தார். இவன் பெட்டியிலிருந்து முந்தைய வாரப் பத்திரிகையை எடுத்துப்போய் வாசித்தான். மரண அறிவித்தலிலேயே ஐயா கண்டுகொண்டார், "இவரை ஏற்கெனவே எடுத்தாயிற்றே" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் மெத்தையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அப்புறம் 1981 ஜூன். பட்டப்படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்தோம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை மே 31ஆம் தேதி இரவு எரித்துவிட்ட செய்தி வந்திருந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள், அவற்றோடு ஓலைச்சுவடிகள். முன்கூட்டியே பார்த்துவிட்ட நான், அந்தச் செய்தியை விட்டுவிட்டு வாசி என்று அவனிடம் சொன்னேன். அவன் கேட்கவில்லை. அந்த நாளில் அவனுக்கு ழகரம் தவறுவதே இல்லை. மாதக்கணக்கில் தடிக்கு வேலை இல்லை. அன்று முதல் வரியிலேயே 'யாள்ப்பாணம்' என்று வாசித்தான். அவனுக்கும் தெரிந்தது, நிறுத்தினான். நானும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தட்டு விழவில்லை. யார்டிலும் அன்றைக்கென்று சத்தம் இல்லை. அவன் தொடர்ந்து கடைசி வரை வாசித்தான். "இன்னொரு தரம்" என்றார் ஐயா. இரண்டாம் முறை சரியாக வாசித்தான். அன்று விளம்பரங்கள் வரை போகவில்லை.

அதே ஆண்டில் வானொலி நிலையமான அங்காசாபுரியில் குரல் தேர்வுக்கு இருவருமே போனோம். என் பெயர் உங்கள் மலரில் அந்தப் பக்கத்தில் இல்லை, அது சரிதான். எனக்குக் கொடுத்த தாளில் 'தமிழ்', 'மகிழ்ச்சி', 'வாழ்த்து' மூன்றும் முதல் பத்தியிலேயே இருந்தன. நான் ஐந்து வெள்ளியை வேண்டாம் என்றவன்.

"அவரே மேடையில் உங்களைத்தானே சொன்னார்" என்று உங்கள் செயலாளர் தொலைபேசியில் கேட்டார். உண்மை. ஒரு பாராட்டு விழாவில் சொன்னான். கூட்டம் கலைந்ததும் அவனைத் தனியே இழுத்து, "ஐயாவை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய், ஐயா இல்லையே" என்றான். அவன் சுபாவம் அது. எதிரில் இருப்பவரைச் சந்தோஷப்படுத்திவிட்டுப் போவான். எனக்கும் அன்று கொஞ்சம் இனித்தது என்பதை மறைப்பானேன். நீங்கள் அச்சில் ஏற்றப் போகிறீர்கள் என்பதால்தான் இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஐயாவின் படம் என்னிடம் இல்லை. பலகை வீடும் போய்விட்டது. அங்கே இப்போது அடுக்குமாடிக் கட்டடம். ஆனால் அவர் வாடகை எழுதிக் கொடுத்த சிறு நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது, நீல அட்டை. மாதந்தோறும் ஒரே கையெழுத்தில் "அறை வாடகை 60 வெள்ளி, வாசிப்புக் கழிவு 5 வெள்ளி, பெற்றது 55 வெள்ளி" என்று இருக்கும். நான் பேப்பரை ஒளித்து வைத்த மாதத்திலும் கழிவு குறையவில்லை. அதில் ஒரு பக்கத்தை என் படத்துக்குப் பதிலாக இருபத்து மூன்றாம் பக்கத்தில் போடுங்கள். அளவு ஏறக்குறைய சரியாகவே இருக்கும்.

நோட்டுப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பமாட்டேன். அச்சகத்துக்கு நானே கொண்டுவருகிறேன். படம் பிடித்து முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, கையோடு எடுத்துப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
இருபத்து மூன்றாம் பக்கத்தில் இருப்பவன்
கோலாலம்பூர்