காசநோய் ஆய்வுகளைத் திட்டமிடும்போதே நோயாளிகளையும் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
காசநோய் சிகிச்சை முடித்த ஓவர்லாக் டெய்லர்,
திருப்பூர்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை 600 009.

பொருள்: அரசு மருத்துவக் கல்லூரிகளின் காசநோய் ஆய்வுகளில் நோயாளிகளின் பங்கு குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் பனியன் கம்பெனியில் வேலை செய்பவள். ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டுக் குணமானேன். அந்தச் சமயத்தில் ஓர் ஆய்வுக்காக என்னிடம் கேள்வித்தாள் நிரப்பினார்கள். மாத்திரையை விட்டதற்குக் காரணம் கேட்டு மறதி, அலட்சியம், பக்கவிளைவு, மற்றவை என்று நான்கு கட்டம் போட்டிருந்தது.

என் காரணம் இதுதான்: காலையில் மாத்திரை போட்டால் கம்பெனி வேனிலேயே குமட்டும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு வர ராத்திரி ஒன்பதாகிவிடும். அப்புறம் போடலாமா கூடாதா என்று யாரிடம் கேட்பது? சிறுநீர் வேறு ஆரஞ்சு நிறத்தில் போகும். கம்பெனிக் கழிப்பறையில் தண்ணீர் வராத நாளில், அடுத்து வருபவர் பார்த்துவிடுவாரோ என்ற பயத்திலேயே மாத்திரையை விட்டிருக்கிறேன். 'மற்றவை'க்கு விட்ட இடமோ அரை விரல் அகலம். வந்திருந்த பெண் 'அலட்சியம்' என்று டிக் அடித்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை, தாளில் இருப்பதைத்தானே அவர் கேட்க முடியும். ஆய்வில் என்ன தெரிந்தது என்று இன்றுவரை எனக்குச் சொன்னவர் இல்லை.

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, ஆய்வுத் திட்டத்தைப் பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் சாதாரணப் பொதுமக்களில் ஒருவர். சரி, நல்ல விதிதான். ஆனால் அவர் அந்த நோயைப் பட்டவராக இருக்க வேண்டும் என்றில்லை. தவிர, குழுவின் மேசைக்கு வருவது எழுதி முடித்த திட்டம்.

வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் காசநோய் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வுதான். வீடு வரை வந்த ஆராய்ச்சி, கேள்வி எழுதும்போதும் எங்களைக் கூப்பிடலாம் அல்லவா?

எனவே, காசநோய் ஆய்வுக்கு அரசு நிதி ஒதுக்கும் முன், சிகிச்சை முடித்த நான்கைந்து பேருடன் உட்கார்ந்து கேள்விகளைப் பேசி முடிவு செய்ய உத்தரவிட வேண்டுகிறேன். ஒப்புதல் படிவத்தின் தமிழையும் அவர்களே படித்துப் பார்க்கட்டும். வருபவர்களுக்கு அன்றைய கூலியும் பஸ் செலவும் தர வேண்டும். ஆய்வு முடிந்ததும் முடிவை ஒரு பக்கத் தமிழில் கலந்துகொண்டவர்களுக்கு அனுப்ப வேண்டும்.

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் நானும் வருகிறேன். சனிக்கிழமை சம்பள நாள், லீவு கிடைக்காது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)