அறுந்துபோக வேண்டிய கயிறு

அன்புள்ள சேகர்,

கவிதா மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறாள் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். இந்தக் கடிதத்தை அவளிடமும் காட்டு, இதில் பாதி அவள் பாடம்தான். இங்கே அமெரிக்காவில், பாய்சியில் எல்லோரும் நலம். அம்மா போன மாதம் வந்து சேர்ந்தார், குளிர் தொடங்குவதற்குள் திரும்பிவிடுவேன் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீ கேட்டிருந்தாயே, ஆக்ராவில் பாராசூட் பயிற்சியில் விமானத்திலிருந்து குதிக்கும்போது, பாராசூட்டைத் தானாக இழுத்துத் திறக்கிற ஸ்டேடிக் லைன் கயிறு விமானத்தோடேயே நின்றுவிடும், பாலத்திலிருந்து குதிக்கிற உனக்கு எது நிற்கிறது, எது அறுகிறது என்று. உங்கள் பாராசூட்டின் உச்சியைப் பையோடு சேர்த்து ஒரு சின்ன நூலால் கட்டியிருப்பார்களே, அதே யோசனைதான் இங்கேயும். ட்வின் ஃபால்ஸ் ஊரில் நாங்கள் குதிக்கிற பெரைன் பாலம் ஸ்னேக் ஆற்றுக்கு 148 மீட்டர் மேலே நிற்கிறது, வருடம் முழுக்க யாரிடமும் அனுமதி கேட்காமல் குதிக்கலாம். பாராசூட் விரியவே இல்லை என்று வைத்துக்கொண்டால் தண்ணீருக்கு ஐந்தரை விநாடிதான். அதனால் தாழ்வான இடத்தில் கேனபியை, அதாவது பாராசூட் துணியை, உடனே வெளியே இழுக்க, அதோடு இணைந்த பிரைடில் பட்டையின் முனையைப் பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் பிரேக் கார்டால், அதாவது குறித்த பாரத்தில் அறுவதற்கென்றே உள்ள கயிற்றால், கட்டுகிறோம். குதித்ததும் பிரைடில் இறுகும், பையை மூடியிருக்கிற ஊசி கழலும், கேனபி வெளியே வரும், கயிறுகள் முழுக்க நீண்ட பிறகு அந்த பிரேக் கார்டு அறுந்து உன்னை விட்டுவிட வேண்டும். முன்னாலேயே அறுந்தால் பாதி வெளியே வந்த கேனபியோடு நீ விழுந்துகொண்டிருப்பாய். அறுகவே இல்லை என்றால் ஏதாவது கிழியும், அல்லது பாலத்தின் அடியில் தொங்குவாய்.

வழக்கமாகப் பயன்படுவது 80 பவுண்டு பாரத்தில் அறுகிற பருத்திக் கயிறு, நம் கணக்கில் 36 கிலோ. இந்தக் கோடையில் எங்கள் கூட்டத்தில் அது தீர்ந்துபோய், வாங்குகிற இடத்திலும் கிடைக்காமல், ஹார்டுவேர் கடையில் ஒரு உருண்டை நூலை வாங்கிவந்து "இதுவும் 80 பவுண்டுதானே" என்று ஒருவன் ஆரம்பித்தான். எனக்கு அது பொறுக்கவில்லை. கட்டிப் பார்க்காமல் யாரும் அதில் குதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, கராஜில் உத்தரத்துக் கொக்கியில் ஒரு கிரேன் தராசை மாட்டி, கையால் சுற்றுகிற வின்ச்சை வைத்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தோம்.

முதலில் லேபிள். கடை உருண்டைகளில் பெரும்பாலும் போட்டிருப்பது பாதுகாப்பாகத் தூக்கக்கூடிய எடை. அறுகிற எடை அதைப் போலப் பல மடங்கு இருக்கும். தூக்குவதற்குக் கயிறு வாங்குகிறவனுக்கு அது நல்ல செய்தி, எங்களுக்கு அதுவே ஆபத்து. அப்புறம், கம்பியைச் சுற்றி வளையமாகக் கட்டும்போது பாரத்தை இரண்டு இழைகள் சுமக்கின்றன, ஆனால் முடிச்சு பலத்தைக் குறைக்கிறது, சாதாரண முடிச்சு என்றால் கிட்டத்தட்ட பாதியாகக்கூட. எனவே 36 கிலோ கயிற்றின் வளையம் 36-லும் அறுவதில்லை, 72-ஐயும் எட்டுவதில்லை, இடையில் எங்கேயோ போகிறது. அந்த எங்கேயோ, முடிச்சைப் போடுகிற கையைப் பொறுத்தது. அறுந்த துண்டுகளை வெள்ளைத் துணியில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன், ஏறக்குறைய எல்லாமே முடிச்சுக்குள் நூல் நுழைகிற அந்த விளிம்பில்தான் போயிருந்தன. பருத்தியின் முனை பஞ்சுபோலப் பிரிந்திருந்தது, நைலான் முனை சுருண்டு கெட்டியாக, தொட்டால் விரலைக் குத்தியது.

பாராகார்டு என்கிற நைலான் பாராசூட் கயிற்றை உரித்து உள் இழையை எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 550 பவுண்டு பாராகார்டுக்குள் ஏழு இழைகள், ஒவ்வொன்றும் 35 பவுண்டு அளவு, எனவே இரண்டு எடுத்தால் கணக்கு சரி என்பார்கள். தராசில் சரிதான். ஆனால் நைலான் அறுவதற்கு முன் நீள்கிறது, உதறலின் சக்தியை அது பாட்டுக்கு வாங்கிக்கொள்கிறது. மெதுவாக இழுத்தபோது தராசில் ஒரே அளவு காட்டிய பருத்தியையும் நைலானையும் மணல்பையைக் கட்டி ஒரே உயரத்திலிருந்து போட்டோம், பருத்தி பட்டென்று போனது, நைலான் பிடித்துக்கொண்டது. குதிக்கும்போது நடப்பது இந்த உதறல்தான், வின்ச் இழுப்பு இல்லை. பிரைடில் 2.7 மீட்டர் என்றால் அது இறுகும்போதே நீ மணிக்கு 26 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருப்பாய். நனைந்தால் இன்னொரு தொல்லை, பருத்திக்குப் பலம் கூடுகிறது, நைலானுக்குக் குறைகிறது, இங்கேயோ காலையில் கைப்பிடி எல்லாம் பனி.

அந்தக் கடை நூலை நான் நிராகரித்த காரணம் வேறு. சராசரி பார்த்தால் மோசமில்லை. ஒரே உருண்டை, ஒரே கை போட்ட முடிச்சு, இருந்தும் ஒரு துண்டு 30 கிலோவைத் தொடும் முன்னே போய்விட்டது, அதற்கு அடுத்ததே 60-ஐ நெருங்கியும் பொறுத்துக்கொண்டது. நூலை வாங்கிவந்த பையனுக்கு அதைக் காட்டினேன், "சராசரியில் யாரும் குதிப்பதில்லை, கையில் இருக்கிற அந்த ஒரு துண்டில்தான் குதிக்கிறோம்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் உருண்டையை எடுத்துக் குப்பையில் போட்டான், எனக்கு அவன்மேல் மதிப்பு கூடிப்போனது. சரியான கயிறு வரும்வரை ஸ்டேடிக் லைன் வேண்டாம், கேனபியை வெளியே இழுக்கிற சின்னப் பாராசூட்டை (பைலட் சூட்) பின்னால் நிற்கிற ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு விடுவாரே, அப்படியே குதிப்போம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். நண்பன் கை என்பதால் அதிலும் கவனம் வேண்டும், பிடித்திருப்பவரோடு முன்கூட்டிப் பேசிக்கொள்ளாமல் யாரும் கம்பியைத் தாண்டுவதில்லை.

எனக்கு உன்னிடமிருந்து தெரிய வேண்டியது ஒன்று. பழைய பருத்திக் கயிறு வெயிலிலும் ஈரத்திலும் நாளாக ஆகப் பலம் இழக்கும் இல்லையா, ஆக்ராவில் அந்த உச்சி நூலை எத்தனை நாள் வைத்துக்கொள்வீர்கள், ஒவ்வொரு குதிப்புக்கும் புதிதாகவே கட்டுவீர்களா, ஸ்டோரில் சுருளை எப்படி வைத்திருந்தார்கள்? பேக்கிங் கூடத்தில் உன்னோடு இருந்த யாருக்காவது நினைவிருந்தால் கேட்டு எழுது. புதுச் சுருள் வந்ததும் அதையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கப்போகிறேன், அதற்குள் உன் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
தாமு